அடுத்த டிராமில் போகலாம்

டெட்ராய்ட்டில் பல்கலைக்கழக டிராம் நிறுத்தம். மூன்றாவது டிராமும் வந்து நின்றது.

“கூட்டமா இருக்கே” என்றார் அருங்காட்சியகக் காவலர் வெண்டல்.

“அடுத்ததுல போலாம்” என்றாள் பக்கத்து நூலகத்தில் வேலை பார்க்கும் லொரீன், குளிருக்குக் கைகளைத் தேய்த்தபடி.

ஒரு மாதமாக இதே கதைதான். இன்று வெண்டலுக்கு மனசு உறுத்தியது.

“லொரீன், திட்டாதீங்க. எனக்கு டிராமே தேவையில்ல. மியூசியத்துக்குப் பின்னாடி என் கார் நிக்குது. உங்களோட பேசத்தான் தினம் இங்க வர்றேன்.”

“அடப்பாவி மனுஷா!”

“உங்களையும் குளிர்ல நிக்க வச்சிட்டேன். வாங்க, வீட்ல இறக்கி விடறேன். வீடு எங்க?”

லொரீன் வாய்விட்டுச் சிரித்தாள். சாலைக்கு எதிரே இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தைக் காட்டினாள்.

“அதோ, மூணாவது மாடி. காபி குடிக்க வர்றீங்களா?”