இடுப்பளவுத் தண்ணீர்

“பீரோ சாவியைக் குடுங்கப்பா. பாஸ்போர்ட் எடுக்கணும்.”

அந்தச் சாவியை மட்டும் அப்பாவிடம் கேட்டுவிடாதே என்று அம்மா பத்துத் தடவை சொல்லியிருந்தாள். சிவரஞ்சனி கேட்டேவிட்டாள்.

மாரீஸ்வரன் இடுப்பிலிருந்த சாவியைப் பொத்திக்கொண்டார். “எதுக்கு? கடல் அலையில பலகை மேல ஏறி நின்னு சறுக்கவா? இதுக்கா காலேஜுல படிக்க வச்சேன்?”

“அதுக்குன்னு எல்லாரும் போற பாலித் தீவுக்குப் போக எனக்கு வசதியில்ல. வெலிகம கடற்கரை இந்தா இருக்க இலங்கையிலதான். மதுரையில பிளைட் ஏறுனா கொழும்பு. இடுப்பளவுத் தண்ணி, அடியில மணலு. புதுசாப் பழகுதவங்களுக்குத் தோதான எடம். என் சம்பளத்துல டிக்கெட்டும் போட்டாச்சு.”

“சேத்தூர்ல நம்ம சொந்தக்காரன் காறித் துப்புவான். சாவி கிடையாது, போ.”

“என் பாஸ்போர்ட் என் பையில இருக்குப்பா. நான் கேட்டது அம்மாவோடது. துபாய்ல இருக்க அண்ணனைப் பாக்க எடுத்து, அனுப்பாமலே பூட்டி வச்சீங்களே, அது.”

அடுக்களையிலிருந்து அம்மா அனுசியா வந்தாள், முதல்முறையாகச் சுடிதாரில். கல்யாணத்துக்கு முன்பு தேவதானத்துக் கிணறுகளில் தலைகீழாய்க் குதித்தவள். பிறகு இருபத்தாறு வருஷமாகக் குழாய்த் தண்ணீர்தான்.

“ஏட்டி, அவியகிட்டக் கேக்காதேன்னா கேக்க மாட்டியா? போன வாரம் அவிய சாவியக் கழட்டி வச்சிட்டுக் குளிக்கப் போனப்பவே பாஸ்போர்ட்ட எடுத்து அரிசி டிரம்முல போட்டுட்டேன்.”

கையிலிருந்த பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டு, மகளுக்கு முன்னால் அவள் வாசலைத் தாண்டினாள்.