எட்டாம் எண் சட்டை

பேஸ்பால் சட்டையின் முதுகில் எட்டாம் எண்ணை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள் கயோ. பள்ளி அணியில் அந்த எண், மைதானத்தின் பின்பகுதியில் நடுவே நின்று பந்து பிடிக்கும் சென்டர் ஃபீல்டருக்கு உரியது. அதற்காகத்தான் அவள் மகன் கென்தோவும் கூட்டாளி ஷின்பெய்யும் மூன்று வருடம் முட்டிக்கொண்டார்கள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே ஓட்டம், ஒரே வீச்சு. கோச் எப்படித்தான் பிரிச்சாரோ?" என்றாள் பக்கத்து வீட்டு மிசாவோ, பார்லி டீயை உறிஞ்சியபடி.

"ஒருத்தன் பந்தைப் பார்த்துட்டு ஓடுறான். இன்னொருத்தன் மட்டையில பட்ட சத்தத்துக்கே ஓடிடுறான். அரை அடிதான் வித்தியாசம்."

"அந்த அரை அடியைப் பெத்து வச்சிருக்கீங்களே அக்கா."

கயோ சிரித்துக்கொண்டே நூலைப் பல்லால் கடித்தாள்.

குளித்துவிட்டு வந்த கென்தோ தையலைத் தடவிப் பார்த்தான். "பெஞ்சில உக்கார்ற என் பதினெட்டாம் நம்பரைக் கோணலா தைச்ச மாதிரி இதையும் தைச்சிடாதம்மா. பந்தைத் துரத்தி ஓடுறவன் முதுகுதான் டிவில தெரியும்."

மிசாவோவின் கோப்பை பாதியில் நின்றது. "அப்போ இது யாரோடதுடா?"

"ஷின்பெய்யோடது அத்தை. அவங்கம்மா தூரத்துத் தீவுல இருக்காங்க. பறக்குற பந்தைப் பிடிச்சிடுவான், ஊசியில நூல் கோக்கத்தான் அவனுக்கு வராது."

கயோ மகனைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"உன்னோடது நேத்து அழுதுக்கிட்டே தைச்சதுடா. கொண்டா, பிரிச்சு நேரா தைச்சுத் தரேன்."