நாலாவது கையெழுத்து

செத்தவர்கள் எங்கே போவார்கள் என்பதை மாற்றி எழுத நாலு கையெழுத்து வேண்டும். இருந்தது மூன்றுதான்.

"சட்டம்னா சட்டம்தான் மாமே. நாலு பேரு போட்டத மூணு பேரு அடிக்க முடியாது," என்றான் கோவிந்தன். ஆவடி குவார்ட்டர்ஸின் மாடிப்படியில் நின்றுகொண்டு இப்படிப் பேசுகிறவனை அங்கிருந்தே தள்ளிவிடலாமா என்று பாஸ்கரனுக்கு இருந்தது.

சமாச்சாரம் என்னவோ ஒரு விளையாட்டுதான். தொண்ணூற்று மூன்றில், கப்பலில் வேலை பார்க்கும் மாமா ஒருத்தர் பாஸ்கரனுக்கு இருபது முகம் உள்ள பகடை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு பாஸ்கரன், அவன் தங்கை பத்மா, கோவிந்தன், வேலுசாமி நால்வரும் ஞாயிறு மத்தியானங்களில் வேலுசாமி வீட்டில் உட்கார்ந்து ஒரு நோட்டுக்குள் ஓர் உலகத்தையே கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு வீரனாக அதற்குள் புகுந்து, வாயால் சண்டை போட்டு, பகடையால் ஜெயிக்க வேண்டும்.

உலகம் என்றால் வானம், பாதாளம், தெய்வம் எல்லாம் முடிவாக வேண்டுமே. கோவிந்தன் மேலே ஏழு, கீழே ஏழு என்று கேட்டான். பத்மாவுக்கு வானமே வேண்டாம், கடலுக்கு அடியில் இன்னொரு கடல் இருந்தால் போதும். ஆறு ஞாயிறு சண்டைக்குப் பிறகு எல்லாம் படிந்தது, செத்தவர்கள் எங்கே போவார்கள் என்பதைத் தவிர.

அதை வேலுசாமிதான் முடித்துவைத்தான். "எங்கயும் போமாட்டாங்க. சாப்ட்ட ஊட்லயே இருப்பாங்க. எங்கம்மா கொழம்ப உட்டுட்டு எவன் போவான்?" அடுப்படியில் அவன் அம்மா ஜெகதாம்பாள் சிரித்தது கூடத்தில் கேட்டது.

வேலுசாமியும் பாஸ்கரனும் வேலை பார்த்தது ஆவடித் தொழிற்சாலையில். அங்கே இயந்திரப் படம் வரையும் பிரிவில் இருந்த பாஸ்கரன், அங்கத்திய வழக்கத்தை இங்கேயும் புகுத்தியிருந்தான். பென்சிலில் இருக்கும்வரை எதையும் அழிக்கலாம். மை ஏறிவிட்டால், கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் மறுபடி போட்டால்தான் மாற்றலாம்.

வேலுசாமி சொன்னதற்கு நாலு பேரும் மையில் கையெழுத்துப் போட்டார்கள். வேலுசாமி இடது கைக்காரன். ஈர மையின் மேல் கை இழுபட்டு, அவன் பெயர் மட்டும் எப்போதும் மீசை வைத்த மாதிரி இருக்கும்.

இரண்டு மாதம் கழித்து, அண்ணனூர் பக்கம் ஓடுகிற ரயிலிலிருந்து விழுந்து வேலுசாமி போய்விட்டான்.

ஜெகதாம்பாளுக்கு அவனை விட்டால் அந்த வீட்டில் யாருமில்லை. அவன் அறை ஃபேனை அவள் நிறுத்தவே இல்லை, பிள்ளைக்குப் புழுங்கும் என்றாள். காலி அறையில் அது சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்க மூவருக்கும் பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

வேலுசாமி பெயரில் இருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிக் கெடு வந்தது. வேப்பம்பட்டில் அவள் தம்பி கூப்பிட்டார். அவள் அசையவில்லை, நாலு நாளாகச் சோறும் இறங்கவில்லை.

"வீட்டை விட்டுப் போகமாட்டாங்கன்னு நீங்கதானப்பா எழுதுனீங்க. பூட்டுன வீட்ல எம்புள்ள தனியா கெடக்கணுமா?"

அதற்காகவே போன ஞாயிறு பாஸ்கரன் நோட்டை எடுத்து மையாலேயே புதிதாக எழுதினான். செத்தவர்கள் தங்கள் மனிதர்கள் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போவார்கள். மூவரும் கையெழுத்துப் போட்டு, அவளிடம் படித்தும் காட்டினார்கள்.

ஜெகதாம்பாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ரேஷன் கார்டில்கூடக் கைநாட்டுதான். எண்ணத் தெரியும். மூன்றுதானே இருக்கிறது என்று கேட்டாள். அடுப்படியிலிருந்து எத்தனை ஞாயிறு அந்தச் சட்டத்தைக் கேட்டவள். நோட்டை வாங்கித் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

வேலுசாமி கையெழுத்தை அவன் மாதிரியே போட்டுவிட யாருக்கும் மனசு வரவில்லை. மகனுக்குப் பதிலாக அம்மா கைநாட்டு வைக்கட்டும் என்று பத்மா வழி சொன்னாள். கோவிந்தனுக்கு அதுவும் சம்மதமில்லை, படியில் நடந்த சண்டை அதற்குத்தான். பத்மா ஒரு முறை முறைத்தாள், அவன் வாயை மூடிக்கொண்டான். மை டப்பாவோடு போய்க் கதவைத் தட்டினார்கள்.

திறந்த ஜெகதாம்பாளைப் பார்த்து மூவரும் விழித்தார்கள். தலை வாரிப் பூ வைக்காத குறைதான், அப்படித் தெளிந்திருந்தது முகம். கூடத்தில் பாத்திரமெல்லாம் சாக்கில் கட்டியாகிவிட்டது. நாளைக் காலை டெம்போவுக்குச் சொல்லியிருப்பதாகவும், தான் வயிறாரச் சாப்பிட்டுவிட்டதாகவும் சொன்னாள்.

வேலுசாமி அறையில் ஃபேன் நின்றிருந்தது.

பாஸ்கரன் மை டப்பாவைத் திறந்து, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான்.

"எங்கைநாட்டு எதுக்குப்பா?" என்று ஜெகதாம்பாள் ஜன்னலைக் காட்டினாள். அங்கே, காற்றுப் படும்படி நோட்டு விரித்து வைத்திருந்தது.

மூன்று பெயர்களுக்குக் கீழே நாலாவதாக ஒன்று இருந்தது. நீல மை வலப்பக்கம் இழுபட்டு, மீசை வைத்திருந்தது.

கோவிந்தன் நாலையும் இரண்டு தரம் எண்ணினான். பத்மா அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். பாஸ்கரனின் விரல் தானாக அந்தப் பெயரை நோக்கிப் போனது.

"தொடாதப்பா," என்றாள் ஜெகதாம்பாள். "மை இன்னும் காயல."