ஒரு நிமிடம் கழித்து

தங்கை ரூபியின் கல்யாணத்துக்கு வீம்பாகப் போகாமல் இருந்துவிட்ட எஸ்தர், இருவரும் வளர்ந்த ரயில்வே குவார்ட்டர்ஸை மெய்நிகர் உலகில் அப்படியே எழுப்பி அவளை அழைத்திருந்தாள். ரூபி நுழைந்து ஒரு நிமிடம் கழித்துத் தன் பதிவுக்குரல் ஒலிக்கும்படி நிரல் எழுதியிருந்தாள். முதலில் வீட்டை ஆசைதீரப் பார்க்கட்டுமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ரூபி வந்தாள். எஸ்தர் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். ரூபி எதையும் சுற்றிப் பார்க்கவில்லை. வாசலிலேயே நின்று, "அக்கா, இருக்கியா?" என்றாள். எஸ்தரின் விரல் மைக் பொத்தானுக்குப் போனது. அழுத்தாமல் அங்கேயே நின்றது. இதோ, பதிவு பேசிவிடும். "சரி, விடு," என்று ரூபி மறைந்துபோனாள். "ரூபி, நான் வந்திருக்கணும்டி," என்று ஆளில்லாத வீட்டில் எஸ்தரின் குரல் ஆரம்பித்தது. அதை நிறுத்தவும் அவளுக்குக் கை வரவில்லை.