மூன்றாவது பெஞ்சில் இரண்டு பேர்

மாலைச் செபத்தில் கன்னியர் மடத் தலைவி மதரின் கண் பீடத்தில் இல்லை. மூன்றாவது பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் தையல் சிஸ்டர் மேலும் சமையல் சிஸ்டர் மேலும்தான் இருக்கிறது. ஒரு வாரமாக இரண்டு பேரும் குசுகுசுக்கிறார்கள். மதரின் தலையைக் கண்டால் வாயை மூடிக்கொள்கிறார்கள். பேச்சு தன்னைப் பற்றித்தானோ என்று மதருக்கு உள்ளே அரிக்கிறது. “தையல் சிஸ்டர், இன்னைக்கு பைபிள் வாசகம் நீங்க வாசிங்க” என்கிறார். சமையல் சிஸ்டரின் முகம் வெளுக்கிறது. தையல் சிஸ்டர் எழுந்து, சன்னல் வெளிச்சத்தில் புத்தகத்தை விரித்து, ஒரு சொல் பிசகாமல் வாசிக்கிறார். சமையல் சிஸ்டரின் உதடுகளும் சத்தமில்லாமல் கூடவே அசைகின்றன. மதர் அருகே போய்ப் பார்க்கிறார். விரித்திருப்பது பைபிள் இல்லை, பாட்டுப் புத்தகம்; வாசகம் முழுவதும் மனப்பாடம். பார்வை போனவர்களை முதியோர் மடத்துக்கு அனுப்பிவிடுவது வழக்கம்; அனுப்ப வேண்டியவர் மதர்தான். “இறைவனுக்கு நன்றி” என்று எல்லோரும் சொல்லி முடிக்கிறார்கள். மதர் பாட்டுப் புத்தகத்தை மெல்ல மூடுகிறார். “நாளைக்கும் நீங்களே வாசிங்க சிஸ்டர்.” சமையல் சிஸ்டர் சந்தேகம் தீராமல் மதரின் முகத்தையே பார்க்கிறார்.