கோல்கம்பத்துக்குப் பின்னால்

கடலுக்குப் போன கோல்கீப்பர் லூர்தையன் திரும்பி வராமல் போனபின், அவருடைய அணி ஆடிய முதல் கோப்பை ஆட்டம் அது. மூன்றாம் டிவிஷனில் கிடந்த அணி எப்படியோ அரையிறுதிவரை வந்திருந்தது. அவர் மனைவி டெல்பின் வழக்கம்போல் கோல்கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றாள். ஊர்க்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளுக்கு இடம் விட்டார்கள். இத்தனை காலமும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெர்க்மான்ஸ்தான் இப்போது கோலில் நின்றான்.

ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டிக்குப் போனது. எதிரணியின் கடைசி ஆள் அடிப்பது உள்ளே போனால் எல்லாம் முடிந்தது. அவன் ஓடிவரும்போது இடுப்பு திரும்பிய விதத்தை டெல்பின் பார்த்துவிட்டாள்.

"லூர்து, வலப்பக்கம்!"

அவர் இருந்தவரை ஒருநாளும் அவரை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெர்க்மான்ஸ் வலப்பக்கம்தான் பாய்ந்தான். பந்து அவன் விரல் நுனியை உரசிக்கொண்டு வலைக்குள் போய் விழுந்தது.

டெல்பின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொண்டாடுகிறவர்களைத் திரும்பிப் பார்க்காமல், உடம்பெல்லாம் மண்ணோடு பெர்க்மான்ஸ் அவளிடம் வந்தான்.

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க, மைனி. எனக்குத்தான் எட்டல."