காலி டப்பா

ஓம் என்பதன் பொருளை உலகில் முழுதாக அறிந்தவன் நான் ஒருவன்தான். அதில் பொருளே இல்லை.

கல்லூரி மேடையில் இதை நிரூபித்து ஒரு சால்வையும் வாங்கியிருக்கிறேன். இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில், கண்ணை மூடி அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்த அத்தானுக்கு இலவசமாக நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய மகள். ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டவள். கை, கால், மூக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. மூச்சு விட மட்டும் அடிக்கடி மறந்துபோகிறாள். நர்ஸ் உள்ளங்காலைச் சுண்டினால் ஞாபகம் வருகிறது.

"அ பிறப்பு, உ வாழ்க்கை, ம் முடிவு. அதுக்கப்புறம் ஒரு அமைதி வருதே மாப்ளே, அதுதான் நாலாவது. அதுதான் எல்லாமே."

"காலி டப்பாவை வித்துட்டு, உள்ள காத்து இருக்கு பாருங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு அத்தான்."

வாய் மட்டும் இல்லாவிட்டால் என்னை நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று வழக்கமாகச் சிரிப்பார். இன்று இருமினார்.

அந்த இருமலால்தான் அவரை உள்ளே விடவில்லை. அக்கா இன்னும் ஆபரேஷன் மயக்கத்தில் இருந்தாள்.

நர்ஸ் கதவைத் திறந்தார். குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொள்ள, சளி இருமல் இல்லாத சொந்தக்காரர் ஒருவர் வேண்டுமாம்.

இருந்தது நான் மட்டும்.

சட்டையைக் கழற்றச் சொல்லி, சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, மருமகளை என் நெஞ்சில் கவிழ்த்தார்கள். எடையே இல்லை. நனைந்த கைக்குட்டையை ஒட்டவைத்தது போலிருந்தது.

"பேசிட்டே இருங்க தம்பி. குரல் கேட்டா சில சமயம் மறக்காது."

பேசத்தானே பிறந்தேன்.

"வாங்க மேடம்," என்றேன்.

அடுத்த வாக்கியம் வரவில்லை. மேடையில் முந்திரிக்கொட்டை போல முந்திக்கொண்டு வரும் அத்தனையும் எங்கோ போய் ஒளிந்துகொண்டன.

நெஞ்சின் மேலிருந்த சின்ன அசைவு நின்றது.

மெஷின் அலறியது. நர்ஸ் ஓடிவந்து காலைச் சுண்டினார். அசைவு வந்தது. அதற்குள் பக்கத்துக் குழந்தையின் கண்ணாடிப் பெட்டியில் இன்னொரு மெஷின் அலற, அவர் அங்கே ஓடினார்.

அசைவு மறுபடியும் நின்றது.

காலி டப்பா என்று நான் சொன்ன அமைதி அதுதான். உள்ளே காற்றும் இல்லை.

என் தொண்டையிலிருந்து கிளம்பியது வார்த்தை அல்ல. வாய் தானாகத் திறந்தது, குவிந்தது, மெதுவாக மூடிக்கொண்டது. மூடியபோது நெஞ்சுக்கூடு முழுவதும் அதிர்ந்தது.

அந்தக் குட்டி முதுகு எழும்பியது.

என் மூச்சு தீர்ந்தது. இன்னொன்று இழுத்து, மறுபடி தொடங்கினேன். மறுபடி. மறுபடி.

கண்ணாடிக்கு வெளியே அத்தான் நின்றிருந்தார். அவருக்கு ஒன்றும் கேட்காது. ஆனால் திறந்து, குவிந்து, மூடும் உதடுகளைப் படிக்கக் காது தேவையில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

நர்ஸ் திரும்பி வந்து திரையைப் பார்த்தார்.

"இப்ப ஒழுங்கா விடறா. தானாவே விடறாளா, உங்க சத்தத்துக்கு விடறாளான்னு தெரியல. கொஞ்சம் நிறுத்திப் பாருங்களேன்."

முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

வாய்க்கு வேலை இருந்தது.